கப்பலேறிய பாட்டுப்பெட்டியும் இருபத்துமூன்று ரப்பர் ஷீட்டும்

பாட்டுப்பெட்டியின் எடை அறுபத்தெட்டு ராத்தல். பித்தளைக் குழல் தனியாக ஒன்பது ராத்தல். இசைத்தட்டுகள் பன்னிரண்டும் சேர்ந்து ஏழரை ராத்தல். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் நிறுக்கும் தராசில் நானே நிறுத்து, அன்றைய நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் தாப்பாவிலிருந்து நாலரை மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி. கணக்கு, கடிதம், சர்க்காருக்குப் போகும் தாள்கள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் துரையிடம் போகும். காம்பாரில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது அவர் வீட்டுச் சாமான்களை ஈப்போவில் ஏலம் விட்டார்கள். சாய்வு நாற்காலி வாங்கப் போன நான் பாட்டுப்பெட்டியோடு திரும்பினேன். ஓக் மரத்தில் செய்த கனமான பெட்டி. சாவி கொடுத்தால் மூன்று தட்டுகளுக்கு நிற்காமல் ஓடும். என் மனைவி முதல் நாள் அதைத் திட்டினாள், இரண்டாம் நாள் துடைத்தாள், மூன்றாம் நாளிலிருந்து அதற்குத் தனியாக ஒரு துணி வைத்துக்கொண்டாள்.

அவள் வீட்டில் மூன்று பெண்கள். இவள் மூத்தவள். நடுத் தங்கை நாகப்பட்டினத்திலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். கடைசித் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகிக் கடிதம் வந்தபோது இவளுக்கு எட்டாம் மாதம். கப்பல் ஏறுவது பற்றி யாரும் பேசக்கூட இல்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள்.

"நான்தான் போக முடியாது. இது போகலாமில்ல?"

"எது?"

"இந்தப் பாட்டுப்பொட்டி. எட்டு மாசமா இருக்குறது நானு. அதுவா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. பினாங்கிலிருந்து வந்த சாமான் என்றால் நாகப்பட்டினத்தில் அன்றைக்குத் தனி மதிப்பு. மூத்தவள் வர முடியாவிட்டாலும், அவள் வீட்டுப் பெட்டி கல்யாணப் பந்தலில் பாடினால் தங்கைக்கு மாமியார் வீட்டார் முன் ஒரு கௌரவம் என்று இவள் கணக்குப் போட்டாள். என்னை வைத்தே ஊருக்குக் கடிதம் எழுதவும் செய்தாள். பதில், நடுத் தங்கையின் கணவரான என் சகலையிடமிருந்து வந்தது. 'பெட்டி கடல் தாண்டிப் பெட்டியாகவே வந்தால் பாட்டுக் கேட்போம். உடைந்து வந்தால் கல்யாணச் சமையலுக்கு விறகாகும். இரண்டுமே உபயோகம்தான்' என்று எழுதியிருந்தார்.

மனைவி அதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

"விறகாமா? அவரு வாயாலேயே பாட்டு நல்லாருக்குன்னு சொல்லணும். எப்படி அனுப்புவீங்களோ எனக்குத் தெரியாது."

எப்படி அனுப்புவது என்பதில் எனக்கும் அவளுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. பழைய சேலைகளில் நாலைச் சுற்றினால் போதும், தன் பீங்கான் சாமான்கள் எல்லாம் அப்படித்தான் கப்பலில் வந்தன என்றாள். துணி அமுங்கிவிடும், நூறு மைல் ரயிலில் குலுங்கியதும் உள்ளே இடைவெளி விழும், அதற்குப் பிறகு பெட்டி சுவரில் மோதத் தொடங்கும் என்று நான் விளக்கினேன். அமுங்கினாலும் திரும்ப எழும்பும் பொருள் வேண்டும். அப்படிப்பட்ட பொருளைத்தானே நாங்கள் நாள் முழுக்க உறையவைத்துப் புகைபோட்டுக் கொண்டிருந்தோம்? குமிழி விழுந்து கழித்துப்போட்ட ஷீட்டுகளைத் துரையிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

தோட்டத்துக்கு ரப்பர் பெட்டிகள் செய்து தரும் சீனத் தச்சர் காம்பாரிலிருந்து வந்தார். முக்கால் அங்குலப் பலகையில் மரப்பெட்டி. பாட்டுப்பெட்டியின் அடிப்பலகையை மரப்பெட்டியின் அடியோடு நான்கு போல்ட்டுகள் போட்டு இறுக்கினார். இரண்டு பலகைக்கும் நடுவே இரண்டு ஷீட்டு, நாலு பக்கமும் மேலேயுமாகப் பதினாறு, குழலைச் சுற்றி மூன்று, தட்டுகளுக்கு இரண்டு. மூடி போட்டதும் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கிராணி, இது ஜாத்தோ ஆனா பயமில்லே. பந்து மாதிரி லொம்பாட் பண்ணும்லா," என்றார். விழுந்தால் துள்ளி எழும் என்று பொருள். எனக்குப் பெருமையாக இருந்தது.

தட்டுகளை மனைவி தன் கையால் அடுக்கினாள். கடைசித் தங்கைக்கு எழுத்து வராது. அதனால் ஒவ்வொரு தட்டின் உறையிலும் மஞ்சள் நூல் கட்டி அதில் முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சு என்றால் மாப்பிள்ளை வரும்போது. இரண்டு என்றால் பெண்ணை அழைத்து வரும்போது. பன்னிரண்டு முடிச்சு, பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போடும்போது.

நான் என் பங்குக்குச் சாமான் பட்டியலை டைப்படித்துக் கீழே கையால் விவரம் எழுதினேன். மூன்று பிரதி. ஒன்று பெட்டிமேல் ஒட்டினேன், ஒன்று ரயில்வேக்கு, ஒன்று பினாங்கில் கப்பல் ஏஜெண்டுக்கு. பாட்டுப்பெட்டி ஒன்று. பித்தளைக் குழல் ஒன்று. இசைத்தட்டு பன்னிரண்டு. புகையிட்ட ரப்பர் ஷீட்டு இருபத்துமூன்று, எடை ஐம்பத்தொரு ராத்தல். போல்ட்டுகளைக் கழற்ற அரை அங்குல ஸ்பானர் ஒன்று, பெட்டிக்குள்.

திங்கட்கிழமை தாப்பா ரோடு ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றினேன். புதன்கிழமை பதினொன்றரை மணிக்குத் தந்தி வந்தது. பெட்டி பினாங்குத் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது, ரப்பருக்கு அனுமதி இல்லை, கப்பல் வியாழன் மாலை நான்கு மணிக்கு.

இதைப் படிக்கிறவர்களில் ரப்பர் தொழிலை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஆண்டுகளில் விலை விழாமல் இருப்பதற்காக, எந்தத் தோட்டம் எவ்வளவு ரப்பரை நாட்டைவிட்டு வெளியே அனுப்பலாம் என்று சர்க்கார் அளவு வைத்திருந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு ஷீட்டுகூடக் கப்பல் ஏற முடியாது. எங்கள் தோட்டத்துக்கு அந்தச் சீட்டுகளை மாதம் தவறாமல் எழுதி வாங்கியவன் நான். ஒரு முறைகூட ஒரு எண் தவறியதில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் வைத்தபோது அது எனக்கு ரப்பராகவே தோன்றவில்லை. வைக்கோல்போல ஒன்றாகத்தான் தோன்றியது. எழுதும்போது மட்டும் ரப்பர் என்று எழுதியிருக்கிறேன்.

மனைவியிடம் தந்தியைப் படித்துக் காட்டினேன்.

"உள்ள ரப்பர் இருக்குன்னு யாரு எழுதிக் குடுத்தா?"

"நான்தான்."

"ஏன்?"

"உள்ளே ரப்பர்தானே இருக்கு."

"எடையையும் எழுதினீங்களா?"

"ஐம்பத்தொரு ராத்தல்."

"உங்க நேர்மையையே ஒரு பொட்டியில வச்சு அனுப்பியிருக்கலாம். அதுக்குச் சீட்டு வேணாம்," என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அடுத்த கப்பல் எப்போ?"

அடுத்த கப்பல் இரண்டு வாரம் கழித்து. கல்யாணம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அவளுக்கும் அது தெரியும்.

துரையிடம் லீவு கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் அவர் வாயிலிருந்த பைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தார். தன் தோட்டத்திலேயே ரப்பர் கடத்தியவன் தன் பெரிய கிராணிதான் என்று கிளப்பில் சொல்லப்போவதாகச் சொன்னார். சொல்லியும் இருக்கிறார். சுத்தியல், ஆணி, அளவுகோல் இவற்றைக் கோட்டுப் பையிலும் தோல்பையிலும் போட்டுக்கொண்டு பிற்பகல் ரயிலில் போய்ப் பிறை ஸ்டேஷனில் இறங்கி, படகில் பினாங்குக்குக் கடந்து, தெரிந்தவர் ஒருவர் கடையில் தங்கினேன். காலை எட்டு மணிக்குத் துறைமுக அலுவலகத்தில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

அங்கிருந்த எழுத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, காதில் பேனா. என் பட்டியலை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்.

"இது உம்மட கையெழுத்தோ?"

"ஆமாங்க."

"வடிவான எழுத்து. இவ்வளவு வடிவா எழுதிப்போட்டு, நான் எப்பிடிக் காணாத மாதிரி இருக்கிறது?"

"கழிவு ஷீட்டுங்க. விக்கிற ரப்பர் இல்லை."

"ரப்பர் எண்டால் ரப்பர்தானே. 'பொதி சுத்தினது' எண்டு மட்டும் எழுதியிருந்தீரெண்டால் நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டன்."

"அது சரியான விவரம் இல்லீங்களே."

அவர் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார், திரும்பவும் காதிலேயே வைத்தார். "உம்மோட கதைச்சுப் பிரயோசனம் இல்லை. ரப்பரை வெளியில எடும். பெட்டி போகட்டும். மூண்டு மணிக்கு முன்னம் மூடிக்கொண்டு வாரும்."

கொட்டகையில் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஸ்பானரால் போல்ட்டுகளைக் கழற்றினேன். எதுவும் உடையவில்லை. ஆனால் ரயில்பெட்டியின் சூட்டில் ஒரு ஷீட்டு மெருகோடு லேசாக ஒட்டியிருந்தது. பிரித்தபோது, ஷீட்டில் உருளை அழுத்திய கட்டக்கோடுகள் அப்படியே ஓக் மரத்தில் பதிந்திருந்தன. கையால் தேய்த்தேன், போகவில்லை. அரை மணி நேரத்தில் இருபத்துமூன்று ஷீட்டும் வெளியே அடுக்காயின. பெட்டிக்குள் பாட்டுப்பெட்டி அனாதைபோல நின்றது.

பீங்கான் கடைக்கு ஆளனுப்பி வைக்கோல் வாங்கினேன். மழையில் நனைந்து வந்தது. நனைந்த வைக்கோலை ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் வைத்தால் ஆறு நாளில் துருதான் பாடும். மணி பதினொன்று.

"என்னாண்ணே, பொட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு யாரத் தேடுறீங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். வாய் நிறைய வெற்றிலை. சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒன்பது பேர் அதே கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தகரப் பெட்டிகளும் மூட்டைகளுமாகக் கொட்டகையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பெண் அவர்களில் ஒருத்தி. அவள் கணவர் மிகப் பெரிய மூட்டைமேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். எட்டு மாதம், தங்கை கல்யாணம், சகலையின் விறகு, எல்லாவற்றையும் சொன்னேன். நான் சாதாரணமாக முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு பேசுகிறவன் அல்ல.

"அட, இதுக்கா இம்புட்டு முழி? ஏழு வருசம் சம்பாரிச்சு அம்புட்டையும் துணியாத்தான் கட்டி வச்சிருக்கோம். அத வச்சு இந்தக் கப்பலையே சுத்தலாம். அங்க எறங்கினதும் அவங்கவங்க துணிய அவங்கவங்க எடுத்துக்கிறோம். ஆனா ஒண்ணு."

"என்ன?"

"ஒரு பாட்டு போடுங்க. அது பாடுதா இல்லியான்னே தெரியாம எஞ் சேலைய எதுக்குக் குடுக்கணும்?"

நியாயமான கேள்வி. ரயிலில் குலுங்கி வந்ததற்குச் சோதித்துப் பார்ப்பதும் நல்லதுதான். குழலை மாட்டி, சாவி கொடுத்து, ஒற்றை முடிச்சுத் தட்டைப் போட்டேன். நாதஸ்வரம். தகரக் கூரைக்குக் கீழே அது நான் வீட்டில் கேட்டதைவிட இரண்டு மடங்கு சத்தமாக ஒலித்தது. மூட்டை சுமக்கிறவர்கள் நின்றார்கள். தூங்கியவர் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் தேய்த்தார்.

"யாரு ஊதுறது?"

"ஒங்க கொறட்டதான். ஒங்கள விட்டு வெளிய வந்து வாசிக்குது," என்றாள் அவள்.

தட்டு முடிந்தபோது யாழ்ப்பாணத்து எழுத்தர் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார். ரப்பர் பற்றி ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னுமொருக்கால் போடும்," என்றார்.

போட்டேன். முடிந்ததும் அவரே கடிகாரத்தைப் பார்த்து, "சரி, சரி, கெதியா மூடும்," என்று எல்லோரையும் விரட்டினார்.

தகரப் பெட்டிகள் திறந்தன. ஒவ்வொரு துணியையும் வாங்கி, நூலில் எண் கட்டி, யாருடையது என்று எழுதிக்கொண்டு உள்ளே வைத்தேன். சேலை பதின்மூன்று, வேட்டி ஒன்பது, துண்டு எட்டு. ஆக முப்பது. நான்கு பக்கமும் நிறைந்தது. குழலுக்குள்ளேயே ஒரு வேட்டி போயிற்று. ஆனால் அடியில் இரண்டு பலகைக்கு நடுவே இருந்த இரண்டு ஷீட்டின் இடம் காலியாக இருந்தது. அங்கே ஒன்றும் இல்லாமல் போல்ட்டு போட்டால் ஒவ்வோர் அதிர்ச்சியும் நேராக ஸ்பிரிங்கில் இறங்கும். தடித்த துணியாக ஒன்று வேண்டும் என்றேன்.

அவள் தன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சிவப்புச் சேலையை எடுத்தாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது ஈப்போவுல வாங்குனது. எனக்குன்னு வாங்குனது இது ஒண்ணுதான்."

"கசங்கிடும்," என்றேன். உள்ளதைச் சொல்ல வேண்டுமே.

"கசங்குனா கசங்குது. பொட்டி ஒடஞ்சா ஒட்டவா முடியும்? புடிங்கண்ணே."

எட்டாக மடித்தால் சரியாகக் கால் அங்குலம். போல்ட்டுகளை இறுக்கினேன். முப்பத்தொன்று என்று எழுதினேன். தட்டுகளை வேட்டி மடிப்புகளுக்குள் செருகும்போது அவள் மஞ்சள் நூல் முடிச்சுகளைத் தடவிப் பார்த்து என்ன என்று கேட்டாள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். எட்டாவதில் மட்டும் ஒரு தவறு, திருத்தினேன்.

மூடியை அடித்துத் துணிப் பட்டியலையும் மேலே ஒட்டினேன். இரண்டு ஐம்பதுக்குப் பெட்டி முத்திரை வாங்கிற்று. நான்கு மணிக்குக் கப்பல் கிளம்பியது. பிறைக்குத் திரும்பும் படகில் கைக்குட்டைக்காகக் கோட்டுப் பையில் கைவிட்டேன். ஸ்பானர் வந்தது.

சாமான் பட்டியலில் 'ஸ்பானர் பெட்டிக்குள்' என்று என் கையெழுத்தில் இருந்தது. நான் எழுதிய தாள்களில் உண்மைக்கு மாறான ஒரே வரி அதுவாகத்தான் இருக்கும்.

இருபத்துமூன்று ஷீட்டையும் கயிறு போட்டுக் கட்டி ரயிலில் என் காலடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். புகை நாற்றத்துக்கு எதிரே இருந்தவர் ஈப்போவரை முகத்தை ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தார். தோட்டத்துப் பதிவேட்டில் வெளியே போன ரப்பருக்குப் பத்தி உண்டு. திரும்பி வந்த ரப்பருக்குப் பத்தி இல்லை. புதிதாக ஒன்று கோடு போட்டேன்.

மனைவியிடம் ஸ்பானரையும் சேர்த்துத்தான் சொன்னேன். சேலை என்றதும் அவள் நிமிர்ந்தாள், ஸ்பானர் என்றதும் உட்கார்ந்துவிட்டாள். "கழட்ட முடியாத பொட்டிய நடுவுல வச்சுக்கிட்டு எல்லாரும் சுத்தி நிப்பாங்களே," என்று அன்றைக்கே நான்கு முறை சொன்னாள். கல்யாண வெள்ளிக்கிழமை காலையில் முகூர்த்த நேரத்துக்கு அடுப்படியை விட்டு வெளியே வந்து, பாட்டுப்பெட்டி இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெண் குழந்தை பிறந்து பதினோராம் நாள் சகலையின் கடிதம் வந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "மெதுவா படிங்க," என்றாள்.

படகிலிருந்து பெட்டியை மணலில் இறக்கியதுமே ஒன்பது பேர் வந்து சூழ்ந்துகொண்டார்களாம். சகலை என் பட்டியலைப் பார்த்து எண்ணைக் கூப்பிட, ஏலம்போல ஒவ்வொருவராக வந்து துணியை வாங்கிப் போயிருக்கிறார்கள். முப்பது துணி வந்துவிட்டது. முப்பத்தொன்றாவது போல்ட்டுக்கு அடியில். ஸ்பானர் இல்லை. 'என் சேலை இருக்கிற எடத்துலதான் நான் இருப்பேன்' என்று அந்தப் பெண் பெட்டிக்குப் பக்கத்தில் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவரும் ஏறிக்கொண்டார். இப்படியாகக் கல்யாண வீட்டு வாசலில் பாட்டுப்பெட்டியும், முன்பின் தெரியாத இருவரும் வந்து இறங்கினார்கள்.

மறுநாள் வண்டிப்பட்டறைக்காரர் ஒரு ஸ்பானரோடு வந்து போல்ட்டுகளைக் கழற்றினார். பெட்டி பாடியது. முடிச்சுகளின் அர்த்தத்தை ஊருக்கு எழுத எங்கள் இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை. எந்தத் தட்டை எப்போது போடுவது என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முடிச்சைத் தடவித் தடவிப் பன்னிரண்டையும் வரிசை பிசகாமல் போட்டிருக்கிறாள், எட்டாவது உட்பட. மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து நின்றதும், ஆரத்தி எடுக்க நடுத் தங்கையோடு மூத்த அக்காள் இடத்தில் நிற்பது யார் என்ற பேச்சு வந்திருக்கிறது. பெட்டியோடு வந்தவளைச் சொன்னதும், அவள் யாரோ எவரோ என்று ஒருவர் வாயெடுத்தாராம். 'பெரியவ பொட்டியோட வந்தவ. பெரியவ எடத்துல அவ நிக்கட்டும்' என்று என் மாமனார் முடித்துவிட்டார். எட்டு மடிப்புக் கசங்கலோடு அந்தச் சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள்தான் ஆரத்தி எடுத்தாள். அவள் கணவர் மூன்று பந்தியிலும் உட்கார்ந்ததாகச் சகலை தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். கடைசி வரி இது: 'சமையலுக்கு விறகு வெளியில் வாங்கும்படி ஆகிவிட்டது.'

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். குழந்தை விழித்துக்கொண்டது. பிறகு ஆரத்தி எடுத்த இடத்தை மட்டும் மூன்று முறை படிக்கச் சொன்னாள்.

"அப்ப, எந் தங்கச்சி ஆரத்தித் தட்டைப் பாத்தாளா, அவ மொகத்தப் பாத்தாளா?"

"அது எழுதலையே."

"முக்கியமானத எழுதாம வெறகப் பத்தி எழுதியிருக்காரு பாருங்க." கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சரி, உங்க டைரிய எடுங்க."

எடுத்தேன்.

"மொதல்லேயே சேலையில சுத்தச் சொன்னேன்னு எழுதுங்க."

எழுதினேன்.

"ஸ்பானர மறந்தீங்களே, அது நல்லதாப் போச்சுன்னும் எழுதுங்க. அது மட்டும் பொட்டிக்குள்ள இருந்திருந்தா அவ மணல்லேயே சேலைய வாங்கிக்கிட்டு ஊருக்குப் போயிருப்பா."

மறதியை நல்லது என்று நாட்குறிப்பில் எழுதுவது என் வழக்கமல்ல என்றேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, நான் பேனாவை எடுக்கும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அதையும் எழுதினேன், பக்கத்தின் ஓரத்தில், கொஞ்சம் சிறிய எழுத்தில்.